பேருந்துக்குள் மடக்கு சைக்கிள்: யாருடைய இடம், யார் முடிவு?

ஏறத்தாழ 12 கிலோ எடையுள்ள சைக்கிளை மடித்துக் கையில் தூக்கியபடி ஒருவர் நிறுத்தத்தில் நிற்கிறார். வரும் பேருந்து அவரை ஏற்றிக்கொள்ளலாமா? சின்னக் கேள்வியாகத்தான் படும். ஆனால் கடந்த ஐம்பது ஆண்டுகளில் இதற்குச் சொல்லப்பட்ட பதில்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. மடித்துவிட்டால் அதுவும் மற்ற சுமைகளைப் போன்றதுதான் என்றன சில நகரங்கள். உறை போட்டு மூடினால் சரி என்றன சில. சைக்கிளின் இடம் பேருந்துக்கு வெளியே, முகப்பில் பொருத்திய தாங்கியில் என்றன வேறு சில. தூக்கிக்கொண்டு அலைவானேன், நிறுத்தத்திலேயே பூட்டிவிட்டுப் போகலாமே என்ற நாடுகளும் உண்டு. எதையும் எழுதி வைக்காமல் அன்றைய ஓட்டுநரின் மனநிலைக்கே விட்டுவிட்ட ஊர்களும் ஏராளம்.

கேள்வியின் கனம் பேருந்துக்கு வெளியே இருக்கிறது. பத்து நிமிட நடையில் ஒருவர் கடப்பது சுமார் 800 மீட்டர். அதே பத்து நிமிடத்தில், நிதானமாக மிதித்தாலே இரண்டரை கிலோமீட்டர் போய்விடலாம். தொலைவு மூன்று மடங்கானால் ஒரு நிறுத்தத்தின் எல்லைக்குள் வரும் பரப்பு ஒன்பது மடங்காகிறது. பேருந்து போகாத குடியிருப்புகளையும் பட்டறைப் பகுதிகளையும் பேருந்தோடு இணைக்க இதைவிட மலிவான வழிகள் அதிகமில்லை. இறங்கும் இடத்திலும் வண்டி கையில் இருந்தால் ஆதாயம் இரட்டிப்பாகும். பூட்டி வைத்த சைக்கிளால் அந்த இரண்டாம் பாதியைத் தர முடியாது.

இந்தப் பதில்களைப் படித்துப் பார்த்தால் பெரும்பாலும் நீள அகலமே பேச்சாக இருப்பது தெரியும். தரை யாருக்கு உரியது, தகராறு வந்தால் முடிவு யாருடையது என்ற இரண்டு கேள்விகளும் பின்னுக்குப் போய்விடுகின்றன. பதில்கள் தடுமாறுவது பெரும்பாலும் அங்கேதான்.

பேருந்தை நினைத்துச் செய்த வண்டி அல்ல

சைக்கிளைச் சுருக்கிக் கொண்டுபோகும் ஆசை பழையது. 1878இல் பிரிட்டனில் வில்லியம் கிரௌட் என்பவர் பெரிய முன்சக்கர வண்டியையே பிரித்து அடக்கும்படி வடிவமைத்தார். 1890களில் பிரெஞ்சு ராணுவத்தின் கேப்டன் ஆன்ரி ஜெரார், சிப்பாய் முதுகில் சுமந்து செல்லும் மடக்கு சைக்கிளைக் கொண்டுவந்தார். இரண்டாம் உலகப் போரில் பாராசூட் வீரர்களுக்காக பி.எஸ்.ஏ. நிறுவனம் மடக்கு சைக்கிள் செய்தது. 1962இல் அலெக்ஸ் மோல்ட்டன் சிறிய சக்கர சைக்கிளைப் பரவலாக்கிய பின், காரின் பின்பெட்டியில் அடங்கும் மடக்கு வண்டிகள் ஐரோப்பாவில் விற்பனைக்கு வந்தன.

அன்றாட அலுவலகப் பயணத்துக்கான மடக்கு சைக்கிள் 1970களின் பிள்ளை. ஹாரி பிக்கர்ட்டனின் அலுமினிய வண்டி 1971இல் வந்தது. அதைப் பார்த்து, இதைவிடக் கச்சிதமாகச் செய்ய முடியும் என்று நம்பிய ஆண்ட்ரூ ரிச்சி, லண்டன் பிராம்ப்டன் தேவாலயத்துக்கு எதிரே இருந்த தன் அறையில் முதல் மாதிரிகளை உருவாக்கினார். லேசர் ஆய்வாளராக இருந்த டேவிட் ஹான், எண்ணெய் நெருக்கடியால் யோசிக்கத் தொடங்கி 1982இல் டேஹான் நிறுவனத்தைத் தொடங்கினார். இவர்கள் காலத்து நகரப் பேருந்தில் இரண்டு மூன்று படிகள் ஏற வேண்டும், நடைபாதை குறுகல், சுமை வைக்கத் தனி இடம் கிடையாது. ரயிலில் கதவோரம் கொஞ்சம் இடம் இருந்தது. மடக்கு சைக்கிள் முதலில் ரயிலோடு உறவு கொண்டதில் வியப்பில்லை.

நிலைமையை மாற்றியது தாழ்தளப் பேருந்து. 1990களில் ஐரோப்பாவில் பரவிய அந்த வடிவம் சைக்கிள்காரர்களுக்காக வந்ததல்ல. சக்கர நாற்காலியில் வருபவர்களும் முதியவர்களும் ஏற முடிய வேண்டும் என்று மாற்றுத்திறனாளிகள் இயக்கங்கள் நீண்ட காலம் போராடியதன் விளைவு அது. படியில்லாத வாசலும் நடுவிலுள்ள திறந்த இடமும் கிடைத்த பிறகுதான் மடித்த சைக்கிளோடு ஏறுவது நடைமுறைச் சாத்தியமாயிற்று. பிறர் போராடிப் பெற்ற இடத்தில் மடக்கு சைக்கிள் விருந்தாளியாக நுழைந்தது. விவாதங்களில் இது அடிக்கடி மறந்துபோவதால் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மடித்தால் சுமை

முதல் நிலைப்பாடு எளிமையானது. முழு சைக்கிளுக்குத் தனிச் சீட்டு, நேரக் கட்டுப்பாடு எல்லாம் உண்டு. மடித்துவிட்டால் இரண்டும் இல்லை. நெதர்லாந்து ரயில்களில் விரித்த சைக்கிளுக்குக் கட்டணம் உண்டு, நெரிசல் நேரத்தில் தடையும் உண்டு. மடித்தது இலவசம், எந்நேரமும் ஏறலாம். ஜெர்மனியின் பல வட்டாரப் போக்குவரத்துக் கூட்டமைப்புகளிலும் மடித்த சைக்கிள் கைச்சுமையாகவே கருதப்படுகிறது.

ரயிலில் சரியாக ஓடும் இந்தத் தத்துவம் பேருந்தில் தடுக்கி விழுகிறது. லண்டனில் மடித்த சைக்கிளை நிலத்தடி ரயிலில் எப்போதும் கொண்டுபோகலாம். பேருந்தில் மட்டும் ஓட்டுநரின் விருப்புரிமை. லண்டனுக்கு வெளியே நிலைமை இன்னும் சிதறலானது. பிரிட்டன் 1986இல் பேருந்துச் சேவையைச் சந்தைக்குத் திறந்துவிட்டதால் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு நிபந்தனை வைத்துக்கொள்ள முடிந்தது. காலையில் ஏற்றிக்கொண்ட அதே தடத்தில் மாலையில் வேறு நிறுவனத்தின் வண்டி வந்தால் பதிலும் வேறாகலாம். வேலைக்குப் போகிறவர் இதை நம்பி அன்றாடத் திட்டம் போட முடியாது. போகும் வழியில் இடம் கிடைத்துத் திரும்பும் வழியில் மறுக்கப்படும் ஏற்பாட்டைவிட, இரண்டு வேளையும் மறுத்துவிடுவது ஒருவகையில் நல்லது. அவர் வேறு வழியாவது பார்த்துக்கொள்வார்.

விருப்புரிமைக்கு ஆதரவான வாதத்தையும் ஒதுக்க முடியாது. கூட்டத்தின் அளவு, மழை, அடுத்த நிறுத்தத்தில் காத்திருப்பவர்கள் இவையெல்லாம் ஓட்டுநர் கண்ணுக்குத்தான் தெரியும். எழுதிய விதிக்குத் தெரியாது. ஆனால் எதை வைத்து முடிவெடுப்பது என்ற அளவுகோல் அவர் கையில் இல்லாதபோது தகராறின் முழுப் பாரமும் அவர் தலையில் விழுகிறது. ஓட்டுநருக்கு இது அதிகாரமாகத் தெரிந்தாலும் உண்மையில் தண்டனைதான் என்பது என் கணிப்பு.

ஜப்பான் இன்னொரு கோணத்தில் போனது. அங்குள்ள ஜே.ஆர். ரயில்களில் சைக்கிளை மடித்தோ பிரித்தோ அதற்கான பையில் முழுவதும் அடைத்திருந்தால் இலவசமாகக் கொண்டுபோகலாம். நீள அகல உயரங்களின் கூட்டுத்தொகை 250 செ.மீ.க்குள்ளும் எடை 30 கிலோவுக்குள்ளும் இருக்க வேண்டும். சங்கிலியின் மசகும் சக்கரத்தின் சேறும் பக்கத்தில் நிற்பவர் உடையில் படக் கூடாது என்ற அக்கறை இதில் தெரிகிறது. பேருந்துக்கு இது ஓரளவுதான் உதவும். நிறுத்தத்தில் வண்டி வந்து நிற்பது சில நொடிகள். அதற்குள் மடித்து, பைக்குள் திணித்து, ஜிப் இழுத்து, தூக்கிக்கொண்டு ஏறுவது பழகியவருக்கே சிரமம்.

வண்டியின் வடிவத்தையும் சற்றுக் கிட்டே பார்க்க வேண்டும். ஆண்ட்ரூ ரிச்சியின் மாதிரிகளிலிருந்து வந்த பிராம்ப்டன் வண்டியில் பின்சக்கரத்தை அடியில் மடக்கினால் வண்டி தானே நிற்கும். நடு மூட்டைத் தளர்த்தி முன்சக்கரத்தைப் பின்சக்கரத்தின் பக்கத்தில் கொண்டுவந்து, கைப்பிடியைச் சாய்த்து, கடைசியாக இருக்கைத் தண்டை இறக்க வேண்டும். தண்டு இறங்கியதும் மொத்தக் கட்டும் பூட்டிக்கொள்ளும். தண்டின் அடியிலிருக்கும் ரப்பர் முனை தரையில் ஊன்றுவதால் வண்டி உருளாமல் நிற்கும். சங்கிலி இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே ஒளிந்துகொள்வதால் யார் காலிலும் மசகு படாது. நடுவில் இரண்டாக மடியும் 20 அங்குலச் சக்கர வண்டிகள் விலை குறைவு, ஓட்டவும் சுகம். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை மடித்த பின்னும் அகலமாக இருக்கும், சங்கிலி வெளியே தெரியும், ஓட்டுநர் திடீரென்று பிரேக் பிடித்தால் சக்கரத்தின் மேல் நழுவும். இரண்டுக்கும் மடக்கு சைக்கிள் என்று ஒரே பெயர் வைத்து ஒரே விதி எழுதுவதால் வரும் குழப்பம் கொஞ்சமல்ல.

முகப்பில் மாட்டும் வழி

அமெரிக்காவின் பதில், சைக்கிளை உள்ளே விடாமலேயே கூடக் கொண்டுபோவது. பேருந்தின் முகப்பில் கீழிறக்கி விரிக்கும் தாங்கி. இரண்டு அல்லது மூன்று சைக்கிள்கள். ஏற்றி இறக்குவது பயணியின் வேலை. 1990களில் சியாட்டில் பகுதியில் இது வேரூன்றி நாடு முழுக்கப் பரவியது. மடக்கத் தேவையில்லை, சாதாரண சைக்கிளே போதும் என்பது இதன் பெரும் பலம். விலையுயர்ந்த வண்டி வாங்க முடியாதவருக்கும் இது பயன்படும். இந்த ஒரு காரணத்துக்காகவே அமெரிக்க ஏற்பாட்டை மதிக்க வேண்டும்.

பலவீனம் எண்ணிக்கையில் இருக்கிறது. மூன்றாவதோ நான்காவதோ வருபவர் அடுத்த பேருந்துக்குக் காத்திருக்க வேண்டும். அதிலும் இடமிருக்குமா என்று முன்கூட்டித் தெரியாது. முகப்பில் நீட்டிக்கொண்டிருக்கும் இரும்புச் சட்டம் பாதசாரிமீது மோதினால் காயம் கூடும் என்ற கவலை ஐரோப்பாவில் வலுவாக இருப்பதால் அங்கே இந்த முறை ஊன்றவில்லை. பெங்களூருவில் பெருநகரப் போக்குவரத்துக் கழகம் 2020இன் இறுதியில் வெளிவட்டச் சாலைப் பேருந்துகள் சிலவற்றில் இத்தகைய தாங்கிகளைப் பொருத்திப் பார்த்தது. நிறுத்தத்தில் ஒழுங்காக ஓரங்கட்டி நிற்க முடியாத சாலையில், பேருந்தின் முன்னால் போய் நின்று சைக்கிளை இறக்குவது எவ்வளவு பாதுகாப்பானது என்பது தனிக் கேள்வி. மடக்கு சைக்கிளுக்கோ இந்தத் தாங்கி அவ்வளவாகப் பொருந்தாது. சிறிய சக்கரம் எல்லாத் தாங்கியிலும் சரியாக உட்காருவதில்லை.

சிங்கப்பூர் எழுதி வைத்த பதில்

தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்றாக இருக்கும் சிங்கப்பூர், இந்தக் கேள்விக்கு நான் அறிந்தவற்றில் மிகத் தெளிவான பதிலை எழுதி வைத்திருக்கிறது. எட்டியதும் ஒரே தாவலில் அல்ல. 2000களின் இறுதியில் மடக்கு சைக்கிள்களை ரயிலிலும் பேருந்திலும் நெரிசலற்ற நேரத்தில் மட்டும் அனுமதித்தார்கள். வார நாட்களில் காலை 9.30 முதல் மாலை 4 வரை, பிறகு இரவு 8க்கு மேல். வார இறுதியிலும் பொது விடுமுறையிலும் நாள் முழுக்க. வேலைக்குப் போகிறவருக்கு இதனால் பயன் குறைவு என்பது நேரத்தைப் பார்த்தாலே புரியும். உல்லாசப் பயணத்துக்கான சலுகையாகத்தான் அது இருந்தது.

2016 டிசம்பரில் நிலப் போக்குவரத்து ஆணையம் நேரக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டு ஆறு மாதச் சோதனையைத் தொடங்கியது. மடக்கு சைக்கிள்களோடு தனிநபர் நடமாட்டச் சாதனங்களும் சேர்ந்துகொண்டன. அளவு 120 × 70 × 40 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். நிலையத்திலும் வண்டிக்குள்ளும் மடித்த நிலையிலேயே இருக்க வேண்டும். ஈரடுக்குப் பேருந்தின் மேல்தளத்துக்குக் கொண்டுபோகக் கூடாது. வாசலையும் நடைபாதையையும் மறிக்கக் கூடாது. சக்கர நாற்காலியில் வருபவருக்கே முன்னுரிமை. 2017 ஜூன் முதல் இது நிரந்தரமாயிற்று.

இது அங்கே நடந்ததற்குப் பின்னணி உண்டு. 2016இலிருந்து பேருந்துச் சேவை ஒப்பந்த முறைக்கு மாறியது. பேருந்துகளும் தடங்களும் அரசின் கையில்; எஸ்.பி.எஸ். டிரான்சிட், எஸ்.எம்.ஆர்.டி., டவர் டிரான்சிட், கோ-அஹெட் ஆகிய நிறுவனங்கள் ஓட்டிக் கொடுக்கின்றன. நிறுவனம் மாறினாலும் விதி மாறாது. பிரிட்டிஷ் சந்தை முறையில் கிடைக்காத ஒருமை இங்கே நிர்வாக அமைப்பிலிருந்தே வந்தது. இன்னொன்று, 2006இல் தொடங்கிய சக்கர நாற்காலிப் பேருந்துகள் 2020இன் இறுதிக்குள் எல்லாத் தடங்களையும் எட்டிவிட்டன. எந்தப் பேருந்து வந்தாலும் படியில்லாத வாசல் இருக்கும் என்ற உறுதி இல்லாமல் எழுதும் விதி வெறும் காகிதம்தான்.

மூன்றாவது காரணம் சாலைக்கு வெளியே இருக்கிறது. 2010இல் தெம்பனிஸ் நகரில் நடைபாதையைச் சைக்கிளோட்டிகளும் பகிர்ந்துகொள்ளலாம் என்று ஆனது. பிறகு சைக்கிள் பாதைகள் குடியிருப்புப் பேட்டைகளுக்குள் ஓடத் தொடங்கின. 2030க்குள் ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் என்பது திட்டம். இறங்கிய இடத்தில் மிதிக்க வழி இருந்தால்தான் வண்டியைச் சுமந்துவர ஒருவர் துணிவார்.

ஏற்பாட்டில் குறை இல்லாமல் இல்லை. பேருந்து நிறுத்தத்தில் யாரும் அளவுநாடா வைத்திருப்பதில்லை. எனவே 120 செ.மீ. என்பது நடைமுறையில் கண்ணளவுதான். கூட்டம் அதிகமாக இருந்தால் ஓட்டுநர் மறுக்கலாம் என்பதால் விருப்புரிமை முழுவதும் ஒழிந்துவிடவுமில்லை. ஆனால் மறுப்பதற்கான காரணம் இப்போது குறுகிவிட்டது. ‘இது என்ன வண்டி, இறங்கு’ என்று சொல்ல முடியாது. ‘இடமில்லை’ என்று மட்டும்தான் சொல்ல முடியும். நிறுத்தத்தில் நிற்பவருக்கு இந்த வேறுபாடு பெரிது.

தரையின் கணக்கு

பேருந்தின் தரைக்குக் கணக்கு உண்டு. நகரப் பேருந்துகளுக்கான ஐக்கிய நாடுகளின் 107ஆம் ஒழுங்குமுறை, நின்று பயணிக்கும் ஒருவருக்கு 0.125 சதுர மீட்டர் என்று வைத்துக் கணக்கிடுகிறது. சிங்கப்பூர் விதியின் உச்ச அளவில் ஒரு சைக்கிள் 120 × 40 செ.மீ. பரப்பில் நின்றால் அது 0.48 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ நான்கு பேர் நிற்கும் இடம். 20 அங்குலச் சக்கரமுள்ள வழக்கமான மடக்கு வண்டி, சுமார் 80 செ.மீ. நீளமும் 35 முதல் 40 செ.மீ. தடிமனும் கொண்டது, இரண்டு பேருக்கும் சற்று அதிகமான இடத்தைப் பிடிக்கும். பிராம்ப்டன் மடித்தால் 64.5 × 27 செ.மீ. தரை, ஒன்றரை ஆளுக்கும் குறைவு. சக்கரமுள்ள பெரிய பயணப் பெட்டியும் ஏறத்தாழ இதே இடத்தைத்தான் எடுக்கும்.

சைக்கிள் பேருந்தில் இடத்தை அடைக்கிறது என்ற குற்றச்சாட்டு எந்தச் சைக்கிள் என்று கேட்காமல் நியாயமாகாது என்பது இதிலிருந்து தெரிகிறது. ஒன்றரை ஆள் இடத்துக்கும் நான்கு ஆள் இடத்துக்கும் ஒரே அனுமதி கொடுப்பது பொருந்துமா என்பதும் கேட்க வேண்டியதே. நெரிசல் நேரத்துக்குச் சிறிய அளவு, மற்ற நேரத்துக்குப் பெரிய அளவு என்று இரண்டு வரம்பு வைப்பது நடைமுறைக்கு ஒத்துவரும் என்று தோன்றுகிறது. விதி எழுதுபவர்கள் பெரும்பாலும் ஒரே எண்ணோடு நின்றுவிடுகிறார்கள்.

இன்னொரு எண்ணும் உண்டு. அதே ஒழுங்குமுறை சக்கர நாற்காலிக்கு ஒதுக்கச் சொல்லும் இடம் குறைந்தது 1,300 × 750 மி.மீ. இதை 120 × 70 செ.மீ. பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சிங்கப்பூர் விதியின் உச்ச அளவு சைக்கிளைக் கிடத்தினால் ஏறத்தாழ அந்த இடம் முழுவதையும் மூடிவிடும். திட்டமிட்டதோ இல்லையோ, பேருந்துக்குள் மடக்கு சைக்கிள் இயல்பாகப் போய்ச் சேரும் இடம் சக்கர நாற்காலியின் இடம்தான். 2017 ஏப்ரலிலிருந்து சிங்கப்பூரில் குழந்தைத் தள்ளுவண்டியை விரித்தபடியே பேருந்தில் கொண்டுபோகலாம் என்றும் ஆகிவிட்டது. ஒரே மூலைக்கு மூன்று பேர்.

இந்த மூலையைப் பற்றி ஆழமாக யோசித்த தீர்ப்பு ஒன்று பிரிட்டனில் வந்தது. 2012இல் வெதர்பி நிறுத்தத்திலிருந்து லீட்ஸ் போக வந்த சக்கர நாற்காலிப் பயணி டக் பாலியால் ஏற முடியவில்லை. அந்த இடத்தில் குழந்தைத் தள்ளுவண்டியுடன் இருந்த தாய், வண்டி மடியாது என்று சொல்லி நகர மறுத்தார். வழக்கு ஐந்தாண்டு நடந்து 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. ஒருமுறை கேட்டுப் பார்த்துவிட்டு ஓட்டுநர் விட்டுவிடுவது போதாது, நியாயமில்லாமல் மறுப்பவரை நகரச் செய்ய மேலும் முயல வேண்டும் என்றது நீதிமன்றம். ஆனால் அவரை இறக்கிவிட்டே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை.

தூங்கும் குழந்தையோடு ஒரு தாய் இருந்தபோதே இந்த முடிவு என்றால், மடக்கு சைக்கிளின் நிலை பற்றி ஐயமே வேண்டாம். சக்கர நாற்காலி வந்தால் சைக்கிள் விலக வேண்டும். வேறிடம் இல்லாவிட்டால் அதைக் கொண்டுவந்தவர் சைக்கிளோடு இறங்கவும் வேண்டும். மிதித்துப் போக அவரிடம் ஒரு வண்டி இருக்கிறது. மற்றவரிடம் பேருந்து மட்டும்தான் இருக்கிறது. விதியில் இந்த வரியைத் தெளிவாக எழுதத் தயங்கும் நகரம் மடக்கு சைக்கிளுக்கு அனுமதி கொடுக்காமல் இருப்பதே மேல்.

தூக்கவே வேண்டாம் என்பவர்கள்

சைக்கிளையும் பொதுப் போக்குவரத்தையும் இணைப்பதை அமெரிக்க ஆய்வாளர்கள் கெவின் கிரைசெக், எரிக் ஸ்டோன்பிரேக்கர் இருவரும் நான்கு வகையாகப் பிரித்தார்கள். சைக்கிளைக் கூடவே ஏற்றுவது. நிறுத்தத்தில் பூட்டிவிட்டு ஏறுவது. இறங்கும் இடத்தில் வாடகை சைக்கிள் எடுப்பது. இரு முனையிலும் ஒவ்வொரு சைக்கிள் வைத்துக்கொள்வது. ஏற்றும் வழி பயணிக்குப் பிடித்தமானது, ஆனால் வண்டியின் கொள்ளளவு அதற்கு விரைவில் அணை போடுகிறது என்பது இத்துறையில் திரும்பத் திரும்ப வரும் கருத்து.

நெதர்லாந்து இரண்டாவது, மூன்றாவது வழிகளை நம்பியது. யூட்ரெக்ட் ரயில் நிலையத்தின் கீழே ஏறத்தாழ 12,500 சைக்கிள்கள் நிற்கும் கூடம் இருக்கிறது. 2003 முதல் ரயில்வே சார்ந்த வாடகை சைக்கிள் திட்டமும் நாடெங்கும் உண்டு. இத்தனை பேரும் சைக்கிளை மடித்து வண்டியில் ஏற்றினால் வண்டி நகராது. மிகப் பெரிய எண்ணிக்கைக்கு இதுதான் வழி என்பதில் எனக்கு மாறுபாடில்லை.

ஆனால் ரயில் நிலையத்தில் சாத்தியமாவது பேருந்து நிறுத்தத்தில் சாத்தியமாவதில்லை. நிலையங்கள் சில நூறு, நிறுத்தங்கள் பல்லாயிரம். ஒவ்வொன்றிலும் காவலோடு நிறுத்துமிடமும் வாடகை சைக்கிளும் வைக்க எந்த நகராலும் முடியாது. நிறுத்துமிடமே தேவையில்லை என்ற வாக்குறுதியோடு சிங்கப்பூருக்கு 2017இல் வந்த வாடகை சைக்கிள் நிறுவனங்களின் கதையும் தெரிந்ததே. நடைபாதைகளில் வண்டிகள் குவிந்தன, அரசு உரிம முறையைக் கொண்டுவந்தது. 2018 ஜூனில் ஓபைக் நிறுவனம் கடையை மூடியபோது வாடிக்கையாளர்கள் கட்டிய 49 வெள்ளி முன்பணத்துக்காக அலைய நேர்ந்தது. ஒழுங்குபடுத்திய பின் எஞ்சிய நிறுவனங்கள் நன்றாகவே ஓடுகின்றன. இருந்தும், இறங்கும் நிறுத்தத்தில் இன்று சைக்கிள் இருக்குமா என்ற நிச்சயமின்மை தீரவில்லை. கையில் இருக்கும் வண்டிக்கு அந்தக் கவலை கிடையாது.

மின்கலம் சேர்ந்தபின்

மடக்கு சைக்கிளில் மோட்டாரும் லித்தியம் மின்கலமும் ஏறியதும் விவாதத்தின் முகமே மாறிவிட்டது. லண்டனில் 2021 டிசம்பரில் மின் ஸ்கூட்டர்கள் பொதுப் போக்குவரத்திலிருந்து விலக்கப்பட்டன. 2025 தொடக்கத்தில் ரேனர்ஸ் லேன் நிலையத்தில் ஒரு மின் சைக்கிள் தீப்பிடித்தது. அதையடுத்து மார்ச் 31 முதல் மடங்காத மின் சைக்கிள்களுக்கும் தடை வந்தது. மடங்கும் மின் சைக்கிள்கள் மட்டும் தப்பின. தரமான தொழிற்சாலையில் சேர்த்துக் கட்டிய வண்டிகள் அவை, வீட்டில் ஒட்டுப்போட்டவை குறைவு என்ற அனுமானம் இதன் பின்னால் இருக்கிறது. மடங்குவதற்கும் மின்கலத்தின் தரத்துக்கும் தொழில்நுட்பத் தொடர்பு ஏதுமில்லை என்பதால் இந்த விலக்கு எத்தனை காலம் நிற்கும் என்று சொல்வது கடினம்.

படி உயர்ந்த பேருந்துகளில்

இந்தியாவில் கேள்வி இன்னும் முறையாகக் கேட்கப்படவே இல்லை எனலாம். பெங்களூரு மெட்ரோ 2020 நவம்பரில் மடக்கு சைக்கிளுக்கு வாசல் திறந்தபோது வைத்த வரம்பு 60 × 45 × 25 செ.மீ., 15 கிலோ. மெட்ரோ ரயில்களில் பைகளுக்குப் புழங்கிவந்த அளவு அது. உலகில் மிகக் கச்சிதமாக மடியும் வண்டிகளில் ஒன்றான பிராம்ப்டனின் அளவு 64.5 × 58.5 × 27 செ.மீ. விதியை எழுத்துப்படி பிடித்தால் அதுகூட உள்ளே போகாது. அனுமதி கொடுக்கும் மனம் இருந்தும், வண்டியை அளந்து பார்க்காமல் எழுதிய வரம்பு அது.

தமிழ்நாட்டில் ஒரு காலத்தில் வேறொரு பதில் இருந்தது. வெளியூர்ப் பேருந்தின் பின்புற ஏணி வழியாக ஏறி, கூரை கேரியரில் வாழைத்தாரோடும் கூடைகளோடும் முழு சைக்கிளையே கட்டிக்கொண்டு போனார்கள். லக்கேஜ் டிக்கெட் போட்டால் விஷயம் முடிந்தது. கேரியர்கள் மறைந்தபின் அந்த இடத்தை எதுவும் நிரப்பவில்லை. இன்றைய நகரப் பேருந்துகளில் பெரும்பாலானவற்றின் தளம் உயரம். இந்திய நகரப் பேருந்து வரையறைகளில் தாழ்தளம் 400 மி.மீ., இடைத்தளம் 650 மி.மீ., சாதாரணத் தளம் 900 மி.மீ. படிக்கட்டில் ஆட்கள் தொங்கும் நேரத்தில் 900 மி.மீ. உயரத்துக்கு 12 கிலோவை ஒரு கையில் தூக்கி ஏறுவதைப் பற்றி விதி எழுதுவதில் பொருளில்லை. சென்னையில் 2024இல் ஓடத் தொடங்கிய புதிய தாழ்தளப் பேருந்துகள், மாற்றுத்திறனாளிகள் உயர் நீதிமன்றம் வரை போன பிறகு வந்தவை. அவை பெருகினால்தான் இங்கே கேள்வியே உயிர்பெறும்.

சுமையைப் பற்றிய முடிவை நடத்துநர் கையில் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு நமக்கு வேறு சாட்சி இருக்கிறது. 2021 டிசம்பரில் குளச்சலில் மீன் விற்றுவிட்டு வந்த முதிய பெண்ணை வாடையடிக்கிறது என்று சொல்லிப் பேருந்திலிருந்து இறக்கிவிட்டார்கள். முதலமைச்சர் கண்டித்தார், ஊழியர்கள் பணியிடைநீக்கம் செய்யப்பட்டார்கள். சைக்கிளுக்கும் மீன்கூடைக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். எதை ஏற்றலாம் என்று எழுதி வைக்காத இடத்தில் தீர்மானிப்பது ஏற வருபவரின் தோற்றமே. அயல்நாட்டு மடக்கு சைக்கிளோடு வரும் அலுவலருக்கு வழி கிடைக்கும், கூடையோடு வருபவருக்குக் கிடைக்காது. விதி எழுதுவதானால் இருவருக்கும் சேர்த்தே எழுத வேண்டும்.

தீராதவை

அறிந்தவரை எடைபோட்டால், அளவை எண்ணாகச் சொல்லி, கட்டணம் வைக்காமல், சக்கர நாற்காலிக்கு முதலிடம் தந்து எழுதிய சிங்கப்பூர் மாதிரியே மற்றவற்றைவிட நேர்மையானது என்று சொல்லத் தோன்றுகிறது. ஆனால் அதன் வெற்றியை மிகைப்படுத்தக் கூடாது. ஒரு பேருந்தில் ஒன்றிரண்டு மடக்கு சைக்கிள்களுக்கு மேல் வராதவரைதான் அந்த ஏற்பாடு இடறில்லாமல் ஓடும். பத்துப் பேரில் ஒருவர் கொண்டுவந்தால் எந்த விதி தாங்கும் என்று இதுவரை எந்த நகரமும் சோதித்துப் பார்க்கவில்லை. முன்பதிவா, இரட்டை அளவு வரம்பா, மீண்டும் நேரக் கட்டுப்பாடா என்பது அப்போதுதான் தெரியவரும்.

யாருக்குப் பயன் என்பதும் முடிவாகவில்லை. தரையை மிகக் குறைவாக எடுக்கும் வண்டிகளே விலை அதிகமானவையும்கூட. பிராம்ப்டனின் பெரும்பாலான மாடல்கள் ஆயிரம் பவுண்டைத் தாண்டுகின்றன. அளவு வரம்பை இறுக்க இறுக்க, மலிவான வண்டி வைத்திருப்பவர் வெளியே நிற்பார். தளர்த்தத் தளர்த்த, நின்று பயணிப்பவரின் இடம் சுருங்கும். இரண்டுக்கும் நடுவில் எந்த எண் நியாயமானது என்பதைத் தரைப் பரப்பை வைத்து மட்டும் கண்டுபிடிக்க முடியாது. தமிழ்நாட்டில் அரசு பள்ளிப் பிள்ளைகளுக்குத் தரும் விலையில்லா மிதிவண்டி மடங்காது. அதை ஓட்டிவரும் பிள்ளைக்கு, நிழலோடும் பூட்டோடும் நிறுத்தத்தருகே ஓர் இடம் கொடுப்பதா, தாழ்தளப் பேருந்தில் மடக்கு வண்டிக்கு இடம் ஒதுக்குவதா என்று பணத்தைப் பங்கிட வேண்டிய நாள் வந்தால், முதலாவதற்கே முன்னுரிமை என்று வாதிட வலுவான காரணங்கள் உண்டு. இரண்டாவதற்குப் பெரிதாகச் செலவில்லை, ஒரு பக்க விதியும் அதை ஓட்டுநருக்குச் சொல்லிக் கொடுக்கும் பயிற்சியும் போதும் என்பது மறுதரப்பின் வாதம். அதற்கும் சரியான மறுப்பு இன்னும் வரவில்லை.